கிராவிட்டானுக்கு நிறை இருந்தால்: ஒரு நோட்டில் போட்டுப் பார்க்கும் முறை

போன கோடை விடுமுறைக்கு அண்ணன் மகள் கோத்தகிரி வந்திருந்தாள். கோவையில் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். வந்த மறுநாள் சாயங்காலம் வர்க்கியை டீயில் நனைத்தபடியே கேட்டாள்: "அத்தை, கிராவிட்டானுக்கு நிறை இருந்தா என்ன ஆகும்? கிளாஸ்ல கேட்டேன். அதெல்லாம் பிஎச்.டி. பண்றப்ப பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க."

கிராவிட்டான் என்றால் ஈர்ப்பு விசையைச் சுமப்பதாகக் கருதப்படும் துகள். அவளுக்குக் கிடைத்த பதில் எனக்கு ஆறவில்லை. இருபத்தேழு வருடம் அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ இயற்பியல் எடுத்தவள் நான். பெருக்கல், வகுத்தல், அடுக்குக்குறி, இந்த மூன்றும் கைவந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வியில் முக்கால்வாசி தூரம் போக முடியும். "நோட்டை எடுத்துட்டு வா கண்ணு" என்றேன். பதினொரு சாயங்காலம் உட்கார்ந்தோம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். படிப்பவர்கள் கூடவே போட்டுப் பார்த்தால்தான் இது உதவும். வெறுமனே வாசித்துப் போனால் நாளைக்கே மறந்துவிடும்.

கோடு போட்ட நோட்டு, நீல மை, சிவப்பு மை, படுக்கப் போட்டால் அடுக்குக்குறி காட்டும் போன் கால்குலேட்டர். இவ்வளவு போதும். முதல் பக்கத்தில் நான்கு எண்களை எழுதி வையுங்கள். பிளாங்க் மாறிலி 4.14 × 10⁻¹⁵ எலக்ட்ரான்வோல்ட்-நொடி. அதை ஒளிவேகத்தால் பெருக்கினால் 1.24 × 10⁻⁶ எலக்ட்ரான்வோல்ட்-மீட்டர். ஓர் ஆண்டு என்பது 3.16 × 10⁷ நொடி. ஓர் ஒளியாண்டு 9.46 × 10¹⁵ மீட்டர். நிறையையும் ஆற்றலையும் ஒரே அலகில், எலக்ட்ரான்வோல்ட்டில் வைத்துக்கொள்ளப் போகிறோம்.

முதல் கணக்கு: எவ்வளவு தூரம் எட்டும்?

ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் ஈர்ப்பு அலை, அதாவது வெளியையே நெளியவைத்துப் பரவும் அலை, ஒளிவேகத்தில் போகிறது. அதைத் துகளாகப் பார்த்தால், அந்தத் துகளுக்கு, அதாவது கிராவிட்டானுக்கு, நிறை கிடையாது. தனிக் கிராவிட்டானை இதுவரை யாரும் பிடித்ததில்லை. ஆனாலும் அதன் நிறைக்கு ஒரு மேல்வரம்பு போட முடியும். விசையைச் சுமக்கும் துகளுக்கு நிறை இருந்தால் அந்த விசை குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் வேகமாகச் செத்துப்போகும் என்பதை 1935-இல் அணுக்கரு விசைக்காக யுகாவா சொன்னார். அதே விதியை இங்கே வையுங்கள்.

ஈர்ப்பு அலைகளைக் கருவி வைத்துப் பிடிக்கும் லைகோ குழு தன் முதல் ஈர்ப்பு அலையிலிருந்து போட்ட வரம்பு 1.2 × 10⁻²² எலக்ட்ரான்வோல்ட். 1.24 × 10⁻⁶-ஐ அதனால் வகுங்கள். 1.03 × 10¹⁶ மீட்டர் வரும், ஓர் ஒளியாண்டுக்குச் சற்று மேல். இது அலைநீளம். விசை தளர ஆரம்பிக்கும் தூரம் வேண்டுமானால் இதை 6.28-ஆல், அதாவது இரண்டு பையால் (2π), மறுபடி வகுக்க வேண்டும். 1.64 × 10¹⁵ மீட்டர். அண்ணன் மகள் இந்த 6.28-ஐ விட்டுவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தவித்தாள். எந்தக் கட்டுரையில் தூரத்தைப் பார்த்தாலும் அது வகுப்பதற்கு முந்தியதா பிந்தியதா என்று முதலில் பாருங்கள். ஆறு மடங்கு வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

"அப்ப நம்ம சூரியன் எப்படி அத்தை பால்வீதி மையத்தைச் சுத்துது? அது 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கே!" என்று கேட்டாள். சரியான கேள்வி. அதனால்தான் பால்வீதி போன்ற விண்மீன் மண்டலங்களின் கூட்டங்கள் கட்டுண்டு கிடப்பதை வைத்து 1974-இலேயே கோல்ட்ஹேபரும் நியேட்டோவும் 10⁻²⁹ எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு இறுக்கமான வரம்பு போட்டார்கள். ஆனால் அதற்கு, அங்கே எவ்வளவு பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைத் தெரிந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் கரும்பொருள் என்று ஒன்று இருக்கும்போது அது பெரிய அனுமானம். லைகோவின் வரம்பு தளர்வானது, ஆனால் அலையை நேராகப் பிடித்துச் சொன்னது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இரண்டாவது கணக்கு: 14 மில்லிநொடி

2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. அமெரிக்காவிலுள்ள இரண்டு லைகோ கருவிகளும் முதல் ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தபோது நமக்குப் பிற்பகல் 3 மணி 20 நிமிடம். நான் வகுப்பில் இருந்திருப்பேன். சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கும் நேரம். நம் எல்லோர் ஊடாகவும் அந்த அலை அப்போது கடந்து போயிருக்கிறது. அறிவிப்பு 2016 பிப்ரவரி 11-இல்தான் வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் சுற்றிச் சுற்றி ஒன்றாகக் கலந்தன. அலையின் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை, நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் ஏறியது. கிராவிட்டானுக்கு நிறை இருந்தால் குறைந்த அதிர்வெண் கொஞ்சம் மெதுவாக வரும், அதிக அதிர்வெண் கொஞ்சம் வேகமாக வரும். எவ்வளவு தாமதம்?

செய்முறை இது. அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கினால் ஆற்றல். நிறையை ஆற்றலால் வகுங்கள். வர்க்கம் எடுங்கள். பாதியாக்குங்கள். ஒளிவேகத்தை விட எத்தனை பங்கு குறைவு என்பது அதுதான். பயண நேரத்தால் பெருக்கினால் தாமதம்.

35 ஹெர்ட்ஸுக்கு ஆற்றல் 1.45 × 10⁻¹³ எலக்ட்ரான்வோல்ட். 1.2 × 10⁻²²-ஐ அதனால் வகுத்தால் 8.3 × 10⁻¹⁰. வர்க்கம் 6.9 × 10⁻¹⁹. பாதி 3.4 × 10⁻¹⁹. 130 கோடி ஆண்டு என்பது 4.1 × 10¹⁶ நொடி. பெருக்குங்கள்: 0.014 நொடி, அதாவது 14 மில்லிநொடி. இதையே 250 ஹெர்ட்ஸுக்குப் போட்டால் 0.3 மில்லிநொடிகூட வராது. (அண்டம் விரிவதை இதில் சேர்க்கவில்லை. இந்தத் தூரத்துக்கு அதனால் பெரிய மாற்றமில்லை.)

இனி 35 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்க எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். 1-ஐ 35-ஆல் வகுத்தால் 28.6 மில்லிநொடி. தாமதம் அதில் ஏறக்குறையப் பாதி! மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம் வந்து நிற்கும். கருவியில் பதிவான வடிவம் அப்படிக் கலையவில்லை. 1.2 × 10⁻²² என்ற வரம்பு எங்கிருந்து வந்தது என்பது இப்போது உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. பிறகு பல அலைகளைச் சேர்த்துப் பார்த்ததில் அந்த வரம்பு 1.27 × 10⁻²³-க்கு இறங்கியிருக்கிறது.

2017 ஆகஸ்டில் நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது, ஈர்ப்பு அலை வந்து 1.7 நொடி கழித்துக் காமாக் கதிர் வந்தது. தூரம் சுமார் 13 கோடி ஒளியாண்டு. அதை வைத்து நிறை வரம்பு போட்டால் 10⁻²⁰ அளவுக்குத்தான் வருகிறது. ஒளியோடு ஓடவிட்டுப் பார்ப்பதைவிட அலையின் வாலையும் தலையையும் ஒப்பிடுவது இங்கே கூர்மையான சோதனை. இதையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

எண்ணிக்கை: 10-இலிருந்து 5

ஒரு பக்கத்தில் நான்குக்கு நான்கு கட்டம் போடுங்கள். காலம் ஒன்று, இடம் மூன்று. ஈர்ப்பை விவரிக்கும் அட்டவணை அது. மூலைவிட்டத்துக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றே என்பதால், 16 கட்டத்தில் வேறுபட்டவை 10 மட்டும்.

பொதுச் சார்பியலில் ஆயங்களை, அதாவது இடத்தையும் காலத்தையும் குறிக்கும் அச்சுகளை, நம் இஷ்டப்படி தேர்ந்தெடுக்கலாம், அதனால் 4 போயிற்று. சமன்பாடுகளே இன்னொரு 4-ஐக் கட்டிப்போடுகின்றன. மிச்சம் 2. ஈர்ப்பு அலைக்கு இரண்டு முனைவாக்கம், அதாவது அசையும் விதம் இரண்டு, என்பது இதுதான்.

நிறை கொடுத்ததும் ஆயத் தேர்வுச் சுதந்திரம் போய்விடும். 1939-இல் மார்க்குஸ் ஃபியர்ஸும் வொல்ஃப்காங் பவுலியும் எழுதிய வடிவத்தில் சமன்பாடுகள் 4 நிபந்தனை தருகின்றன, கூடவே இன்னும் 1 தருகின்றன. 10-இலிருந்து 5 போனால் 5. அந்தக் கடைசி 1-ஐச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். பின்னால் அது நம்மை ஆட்டி வைக்கப் போகிறது.

ஐந்தில் இரண்டு நமக்குப் பழகியவை. இன்னும் இரண்டு, பொருளோடு ஒட்டாமல் ஒதுங்கிப் போய்விடும். ஐந்தாவது ஒன்று இருக்கிறதே, அதுதான் இந்தக் கதையின் ஆள்.

முக்கால்

இந்த இடத்தில் நிதானமாக உட்காருங்கள். எங்கள் வீட்டில் மூன்று சாயங்காலம் இதற்கே போனது.

ஒளித்துகளுக்கு நிறை கொடுத்தாலும் முனைவாக்கம் 2-லிருந்து 3 ஆகும். ஆனால் நிறையைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் மூன்றாவது தானாக வலுவிழந்து மறைந்துவிடும். அதனால் நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: கடைசியில் நிறையைச் சுழியாக்கு, பழைய விடை வந்துவிடும். ஈர்ப்பில் அது நடக்காது என்று 1970-இல் வான் டாமும் வெல்ட்மனும் காட்டினார்கள். அதே ஆண்டில் தனியாகச் சக்கரோவும் காட்டினார்.

கணக்கு இவ்வளவுதான். இரண்டு பொருள்கள் கிராவிட்டானைப் பரிமாறும்போது, முழுப் பங்கான 1-லிருந்து ஒரு கழிவு உண்டு. நிறையில்லாக் கிராவிட்டானுக்கு அந்தக் கழிவு 1/2, நிறையுள்ளதற்கு 1/3. அசையாமல் இருக்கும் பொருள்களுக்கு முன்னதில் 1/2 மிஞ்சும், பின்னதில் 2/3 மிஞ்சும். விகிதம் 4/3. ஒளிக்கு இந்தக் கழிவே கிடையாது. இரண்டு கோட்பாட்டிலும் 1-தான்.

கவனித்தீர்களா, இதில் எங்கேயும் நிறையின் அளவு வரவில்லை. 10⁻²² என்றாலும் 10⁻¹⁰⁰ என்றாலும் அதே 4/3.

இது அவளுக்குப் பிடிபடவில்லை. அப்போது எங்கள் அப்பா சொன்ன ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அப்பா ஓர் எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொட்டகையில் ஒரு சுருள்வில் தராசு தொங்கும். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து எடை காட்டும். 12 கிலோ கொழுந்து 16 கிலோ காட்டியது. ஒவ்வொரு கூடைக்கும் கழிவு போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று மேலிடத்தில் அளவுத் தகட்டையே மாற்றச் சொன்னார்கள். 16 இருந்த இடத்தில் 12 என்று எழுதிய புதுத் தகடு ஏறியது. மழைக்காலம் முழுக்கக் கணக்கு சரியாகவே இருந்தது.

மழை விட்டது. தகட்டைத் திரும்ப மாற்றவில்லை. வெயிலில் பறித்த காய்ந்த கொழுந்து 12 கிலோ இருந்தாலும் முள் 9-இல் நின்றது. பறித்த பெண்களுக்குக் கையில் பிடிக்கும்போதே தெரியும், எடை குறைகிறது என்று. சொன்னால் யாரும் கேட்கவில்லை. அப்பா ஒருநாள் கடையிலிருந்து 10 கிலோப் படிக்கல்லும் 2 கிலோப் படிக்கல்லும் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் மாட்டினார். 9 காட்டியது. நாலில் ஒரு பங்குக் கூலி அவ்வளவு நாளும் போயிருக்கிறது. அதைத் திருப்பித் தரவே இல்லை. அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறிவிடும்.

இதே தராசுதான் வானத்திலும். கோள்களின் ஓட்டத்தை வைத்துத்தான் சூரியனின் ஈர்ப்பு வலுவை, அதாவது ஈர்ப்பு மாறிலியைச் சூரியனின் நிறையால் பெருக்கியதை, அளக்கிறோம். அந்த ஓட்டம் ஈரக் கொழுந்து. ஐந்தாவது முனைவாக்கத்தின் உபரி இழுப்புதான் தண்ணீர். 4/3 காட்டும் தராசைச் சரிசெய்ய மாறிலியை 3/4 ஆகக் குறைத்துத் தகடு எழுதுகிறோம். கோள்கள் ஒழுங்காக ஓடும். ஆனால் ஒளி, படிக்கல் மாதிரி, தண்ணீர் ஒட்டாதது. அதை மாட்டினால் முக்கால்தான் காட்டும். சூரியன் ஓரமாக வரும் விண்மீன் ஒளி வளைய வேண்டியது 1.75 வில்நொடி. முக்கால் போட்டால் 1.31.

1919 கிரகணத்தின்போது பிரேசிலின் சோப்ராலிலும் ஆப்பிரிக்கக் கரையோரப் பிரின்சிபித் தீவிலும் எடுத்த படங்கள் 1.98, 1.61 என்று தந்தன. பிரின்சிபிப் படங்களின் பிழை அளவு பெரியது, அவற்றை மட்டும் வைத்து 1.31-ஐத் தள்ளிவிட முடியாது. பிற்பாடு வானொலி அலைகளை வைத்து அளந்தபோது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் நுணுக்கமாக ஐன்ஸ்டைன் சொன்னதே வந்தது. முக்காலுக்கு இடமில்லை.

நம் பக்கத்துப் பழனி மலையிலும் இதோடு சேர்ந்த ஒரு வேலை நடந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் எவர்ஷெட் அந்தக் காலத்தில் சூரிய நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்வதை அளந்து, ஐன்ஸ்டைன் சொன்ன அளவு வருகிறதா என்று தேடினார். அந்தச் சோதனையில் முக்கால் தெரியுமா என்று அவளிடம் கேட்டேன். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "தெரியாது அத்தை. அதுவும் ஈரக் கொழுந்து தானே" என்றாள். சரி. சிவப்புப் பெயர்ச்சி, கோள்களை இழுக்கும் அதே ஈர்ப்பைப் பொறுத்தது. தகடு மாற்றியதும் அதுவும் சரியாகிவிடும். ஒளி வளைவது மட்டும்தான் படிக்கல்.

பாகு

அப்படியானால் நிறை அறவே சுழிதான் என்று முடித்துவிடலாமா? 1972-இல் அர்காடி வைன்ஷ்டைன் குறுக்கே வந்தார். நீங்கள் போட்டது எளிமைப்படுத்திய கணக்கு, சூரியனுக்குப் பக்கத்தில் அந்த எளிமை செல்லாது என்றார். ஐந்தாவது முனைவாக்கம் தன்னோடு தானே மோதிக்கொள்ளும். கனமான பொருளுக்கு அருகில் அந்த மோதல் கூடிக்கூடி, அதிரசத்துக்குக் காய்ச்சும் வெல்லப்பாகு இறுகி வருவது போல இறுகிவிடும். இறுகிய பாகில் கரண்டி சுலபத்தில் அசையாது. ஐந்தாவதும் அப்படித்தான், அங்கே அதனால் யாரையும் இழுக்க முடியாது. தண்ணீர் இல்லாத கொழுந்து, பழைய தகடு, எல்லாம் சரி.

பாகு எவ்வளவு தூரம் இறுகியிருக்கும்? பின்னால் வந்த நல்ல கோட்பாடுகளில் விதி இது: சூரியன் கருந்துளையாகச் சுருங்கினால் வரும் ஆரமான 3 கிலோமீட்டரை, விசை எட்டும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கனமூலம் எடுங்கள். நிறை 1.5 × 10⁻³³ எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்தால் எட்டும் தூரம் 1.3 × 10²⁶ மீட்டர், ஏறக்குறைய 1400 கோடி ஒளியாண்டு. கனமூலம் 3.7 × 10¹⁸ மீட்டர், கிட்டத்தட்ட 390 ஒளியாண்டு. சூரியக் குடும்பம் முழுக்கப் பாகுக்குள் புதைந்திருக்கிறது. நிறை குறையக் குறைய இந்த ஆரம் பெரிதாகும். நிறை சுழியானால் எல்லா இடமும் பாகு, எங்கும் ஐன்ஸ்டைன். அறுந்த இழை திரும்பவும் சேர்ந்துவிடுகிறது.

இப்போது லைகோ வரம்பான 1.2 × 10⁻²²-ஐ இதே விதியில் போடுங்கள். 2 × 10¹¹ மீட்டர், அதாவது 20 கோடி கிலோமீட்டர்தான் வரும். பூமி 15 கோடியில் உள்ளே. செவ்வாய் சுமார் 23 கோடியில், வெளியே. அப்படி இருந்திருந்தால் செவ்வாயின் ஓட்டமே காட்டிக்கொடுத்திருக்கும். ஆகவே இந்த வகைக் கோட்பாடுகளில் நிறை லைகோ வரம்பைவிட மிக மிகக் குறைவாக இருந்தாக வேண்டும்.

சிவப்பு வட்டம்

வைன்ஷ்டைன் சொன்ன அதே 1972-இல் புல்வேரும் டெசரும் சிவப்பு வட்டத்தில் கை வைத்தார்கள். எளிமைப்படுத்தாத முழுக்கணக்குக்குப் போனதும் அந்தக் கூடுதல் 1 நிபந்தனை காணாமல் போகிறது. 10-இலிருந்து 4 போனால் 6. ஆறாவதின் ஆற்றல் எதிர்க்குறி கொண்டது. இயற்பியலில் இதைப் பேய் என்றே அழைக்கிறார்கள்.

எதிர்க்குறி ஆற்றல் ஏன் ஆபத்து? எஸ்டேட் கடைப் பற்றுவரவு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பேரில் கடன் எழுதிக்கொண்டே போகலாம், வரம்பே கிடையாது. அவன் கடன் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பணம் மற்றவர்கள் கையில் சேரும். மொத்தக் கூட்டல் சுழியாகவே இருக்கும், கணக்கில் பிழை தெரியாது. ஆனால் எதுவும் எங்கும் நிலைக்காது. வெற்றிடமே பொங்கி வழியும். அப்படிப்பட்ட கோட்பாட்டை வைத்து எதையும் கணிக்க முடியாது.

கிட்டத்தட்ட நாற்பது வருடம் இந்த விஷயம் இங்கேயே நின்றது. 2010-இல் கிளாடியா டி ராம், கிரிகரி கபடாட்சே, ஆண்ட்ரூ டோலி மூவரும் நிறை உறுப்புகளை ஒவ்வொரு படியாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்தார்கள். குறிப்பிட்ட விகிதத்தில் மட்டும் சேர்த்தால் அந்த 1 நிபந்தனை தப்பிப் பிழைக்கிறது. உள்ளே நுழைந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் ஓர் அணிக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டியிருக்கும், அதை முதலில் 2 × 2 அணியில் பழகிக்கொள்ளுங்கள். ஆறாவது முழுக்கணக்கிலும் வராது என்பதை அடுத்து ஃபவாத் ஹசனும் ரேச்சல் ரோசனும் நிறுவினார்கள். ஒப்பிடுவதற்காக அசையாமல் வைத்திருந்த இரண்டாவது அட்டவணையையும் அவர்கள் அசையவிட்டார்கள். அப்போது எண்ணிக்கை 2 + 5 = 7.

இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் உண்டு. அண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று 1998-இல் தெரிந்தது. மிகப் பெரிய தூரத்தில் ஈர்ப்பே தளர்ந்தால் அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கரும் ஆற்றல் இல்லாமலே அதை விளக்கலாமோ என்ற நம்பிக்கை. மேலே நான் 1.5 × 10⁻³³ என்று எடுத்தது அதனால்தான், எட்டும் தூரம் அண்டத்தின் அளவோடு பொருந்தும். ஆனால் மூவரின் கோட்பாட்டை அதன் நேரடி வடிவில் வைத்தால், நாம் காணும் மாதிரி எங்கும் ஒரே சீராகத் தட்டையாக விரியும் அண்டம் அதில் வரவே மாட்டேன் என்கிறது. இது சின்னக் குறை இல்லை. என் அபிப்பிராயத்தில் இந்தக் கோட்பாடு அண்டத்துக்கு விடையாகாமல் போனாலும் படிக்கத் தகுந்தது. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை லேசாக நெம்பினாலே எங்கெல்லாம் விரிசல் விடுகிறது என்பதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

முத்தோரையில்

கடைசி ஞாயிறு அவளை ஊட்டி முத்தோரைக்கு அழைத்துப் போனேன். உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு மேலே, மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது அந்த வானொலித் தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி, 1970-லிருந்து இயங்குகிறது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே 11 பாகைச் சரிவைத் தேடிப் பிடித்ததால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு விண்மீனை மணிக்கணக்கில் தொடரலாம். மலையையே கருவியின் பாகமாக்கியிருக்கிறார்கள்.

அங்கே கேட்கும் வானொலி மூலங்களில் துடிவிண்மீன்களும் (பல்சர்) உண்டு. அவற்றின் துடிப்பு கடிகாரம் போல. ஈர்ப்பு அலை கடந்தால் துடிப்பு வந்து சேரும் நேரம் கொஞ்சம் தள்ளாடும். பல ஆண்டு அலைநேரம் கொண்ட ஈர்ப்பு அலைகளை இப்படித் தேடும் இந்தியக் குழு ஊட்டித் தொலைநோக்கியிலும், புனேக்கு அருகிலுள்ள பெரிய வானொலித் தொலைநோக்கி வரிசையிலும் வேலை செய்திருக்கிறது. 2023 ஜூனில் ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து அவர்களும், வேறு நாட்டுக் குழுக்களும், அப்படிப்பட்ட அலைகளின் இரைச்சலுக்குச் சான்று தெரிவதாக அறிவித்தார்கள்.

சரிவின் ஓரத்தில் உட்கார்ந்து கடைசிக் கணக்கைப் போட்டோம். நிறையுள்ள கிராவிட்டானுக்கு ஒரு கீழ்வரம்பு அதிர்வெண் உண்டு. ஆற்றல் நிறையைவிடக் குறைந்தால் அலையாகப் பயணிக்க முடியாது. 1.2 × 10⁻²²-ஐப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் 2.9 × 10⁻⁸ ஹெர்ட்ஸ். ஓர் அலைக்கு ஏறக்குறைய 400 நாள். அதைவிட மெதுவான அலை வரக் கூடாது. பிறகு திருப்பிப் போடச் சொன்னேன். 15 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை நிஜமாகவே வந்தால் நிறை எவ்வளவுக்கு மேல் போக முடியாது?

முழங்கால் மேல் நோட்டை வைத்து எழுதினாள். 15 ஆண்டு 4.7 × 10⁸ நொடி. அதிர்வெண் 2.1 × 10⁻⁹. பிளாங்க் மாறிலியால் பெருக்கினால் 8.7 × 10⁻²⁴.

"அத்தை, இது லைகோவோட புது வரம்பைவிடக் கீழ இருக்கே!"

"இருக்கு. அந்த மெதுவான அலை இரைச்சல்ல நிஜமா இருக்கான்னு உறுதியானாத்தான் இந்த எண்ணை நம்பணும். பக்கத்துலயே அதையும் எழுதி வை."

சிவப்பு மையால் எழுதினாள்.